மஞ்சள் வைத்த இறக்கை

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிச் சண்டை நிலத்துக்காக வரவில்லை, மாட்டுக்காகவும் வரவில்லை. ஓர் ஆகாய விமானத்தின் இறக்கை துணியா தகரமா என்பதற்காக வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானும் இப்போது சிரிக்கத்தான் செய்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் என் கல்யாணம் அந்த இறக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தீவின் வடகரையில், கிராண்ட் பே பக்கத்துப் புல்வெளியில் அவியோன், அதாவது ஆகாய விமானம், இறங்கப் போகிறது என்று சேதி வந்தபோது எங்கள் ஊர் கான் தெ மாஸ்க்கில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்கள்தான் முதலில் லாரி ஏறினார்கள். கரும்பு ஏற்றும் லாரியைக் கழுவி, பெஞ்சு போட்டு, புளிச்சாதமும் மிளகாய் வடையுமாகக் கிளம்பினோம். எங்கள் வீட்டிலிருந்து அப்பா, அம்மா, பெரியப்பா, பெரியம்மா, நான். அப்பாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள். அம்மாவும் பெரியம்மாவும் கூடப்பிறந்தவர்கள். ஒரே முற்றம், இரண்டு வீடு, நடுவில் ஒரே அடுப்படி. இதிலிருந்தே தெரியும், எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் கோபித்துக்கொண்டு நெடுநாள் இருந்துவிட முடியாது என்று. முடியும் என்று அந்த இருவரும் காட்டினார்கள்.

விமானம் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. ஆண்கள் தடுப்புக் கயிற்றை முட்டிக்கொண்டு நின்றார்கள். அப்பா அதில் முதல் வரிசை. பெரியப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் லாரியிலேயே உட்கார்ந்து பார்த்தார். பெண்களாகிய எங்களைச் சவுக்கு மரத்தடியில் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் காற்று பலமாகிவிட்டது என்று விமானத்தை மரங்களின் மறைவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், நேராக எங்கள் பக்கம். கயிற்றை முட்டிய ஆண்கள் எல்லோரும் அதன் வாலைத்தான் பார்த்தார்கள். நான் இறக்கைக்கு அடியில் உட்கார்ந்து வடை தின்றேன்.

மேற்கே சாய்ந்த வெயில் இறக்கையை ஊடுருவியது. உள்ளே வரிசையாகச் சட்டங்கள் தெரிந்தன, மெலிந்த மாட்டின் விலா எலும்பு மாதிரி. சட்டம் இருக்கும் இடத்தில் மேலே மெல்லிய பட்டை ஒட்டியிருந்தது, பட்டையின் கீழே தையல் புள்ளிகள். இரண்டு சட்டத்துக்கு நடுவே துணி லேசாக, மிக லேசாக உள்வாங்கியிருந்தது. ஓரிடத்தில் சதுரமாக ஓர் ஒட்டு. பறக்கிற வண்டிக்கும் நம் பாவாடைக்குப் போடுகிற மாதிரி ஒட்டுப் போடுகிறார்களே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்போது பார்த்து ஒரு தூறல் விழுந்தது. எதையோ பூசி விறைப்பாக்கிய துணி அல்லவா, மழைத்துளி பட்டதும் தடதடவென்று மேளம் மாதிரி ஒலித்தது. அந்தச் சத்தம் லாரி வரைக்கும் போனது. வினை அங்கேதான் ஆரம்பம்.

திரும்பி வரும் வழியில் பெரியப்பா தீர்ப்புச் சொன்னார், இறக்கை தகரம் என்று. ஊரில் கூரைக்குத் தகரம் போடுகிறவர் அவர். கல்யாணப் பந்தலுக்கும் அவர் தகரம்தான். சூறாவளி அடித்து ஓய்ந்தால் ஊரே அவரைத்தான் தேடும். தகரத்தில் மழை விழும் சத்தம் எனக்குத் தெரியாதா என்றார். துணி காற்றில் நிற்குமா, போன சூறாவளியில் கொடியில் கிடந்த என் வேட்டி எந்த ஊருக்குப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை என்றார். அப்பா விடவில்லை. துணிதான், கடலில் படகெல்லாம் எதை விரித்து ஓடுகிறது, தகரத்தையா என்று கேட்டார். இவர் ஒன்று சொல்ல அவர் ஒன்று சொல்ல, பாம்ப்ளமூஸ் தாண்டுவதற்குள் லாரியே இரண்டு கட்சியாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுத்தபோது அம்மா தொடையில் கிள்ளினாள்.

கடைசியில் பெரியப்பா, "பா வ்ரே, நெசமில்ல தம்பி. பொய் சொல்லாத. நான் பார்த்தேன்" என்றார்.

"எங்க பார்த்தீங்க? அண்ணனுக்குக் கண்ணு போச்சு" என்றார் அப்பா.

லாரி மொத்தமும் சிரித்தது. பெரியப்பா துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். வீடு வரும்வரை அந்தத் துண்டு கீழே இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் தன் மாட்டை அவிழ்த்து முற்றத்தின் அந்தக் கோடியில் கட்டினார். வண்டி அப்பாவுடையது, அதில் பூட்டும் இரண்டு மாட்டில் ஒன்று அவருடையது. கரும்பு வெட்டும் காலம். வண்டி ஒரு மாட்டோடு நின்றது, மாடு வண்டியில்லாமல் நின்றது. அப்பா பக்கத்துத் தோட்டக்காரரின் மாட்டை இரவல் வாங்கிப் பூட்டினார். அந்த மாட்டுக்குத் தன் வீட்டுக்குப் போகும் வழி ஒன்றுதான் தெரியும். கரும்பெல்லாம் எடைபோடும் இடத்துக்குப் பதிலாக அந்தத் தோட்டக்காரர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுப்படியில் சமையல் ஒன்று, பந்தி இரண்டு. அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகு பெரியப்பா வருவார். ரசத்தில் உப்புக் கம்மி என்பதைக்கூட அப்பா அம்மாவிடம் சொல்ல, அம்மா பக்கத்தில் நிற்கும் பெரியம்மாவிடம் சொல்ல, பெரியம்மா வீட்டுக்குள் போய்ப் பெரியப்பாவிடம் சொல்வாள், தம்பிக்கு ரசம் பிடிக்கவில்லையாம் என்று. அக்காளும் தங்கையும் நன்றாக ரசித்தார்கள் என்றே நினைக்கிறேன்.

ரசிக்க முடியாத சேதி பாம்ப்ளமூஸிலிருந்து வந்தது. எனக்கு அங்கே மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். கார்த்திகையில் நிச்சயதார்த்தம். தகப்பனுக்கு அண்ணன் உயிரோடு இருக்கும்போது தாம்பூலத் தட்டை அவர்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வீட்டுப் பெரியவர் கை படாத தட்டை நாங்கள் வாங்க மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டு ரசம் வரைக்கும் அங்கே தெரிந்திருந்தது போல.

அப்பா நேரே போய்க் கேட்க மாட்டார். அம்மாவை அனுப்பினார். பெரியப்பா அம்மாவிடம் கோபிக்கவில்லை, உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, பிறகு சொன்னார்: "கண்ணு போனவன் கை மட்டும் எதுக்கும்மா உங்களுக்கு?"

அம்மா அடுப்படியில் வந்து இதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மாப்பிள்ளை முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பெரியப்பா முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். யாருக்காக அழுதாய் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. எனக்கு அதுதான் வரிசை. இரண்டு கிழடுகளில் ஒருவர் வாலைப் பார்த்தவர், ஒருவர் சத்தம் கேட்டவர். இறக்கையைப் பார்த்தவள் நான் ஒருத்தி. நான் பார்த்ததை அப்படியே செய்து பெரியப்பா கையில் வைத்துவிட்டால், அட, துணிதான் என்று இறங்கி வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். உண்மை தெரிந்து எங்கள் வீட்டில் யாரும் இறங்கி வந்ததே இல்லை என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

விமானத்தின் உடம்பை நார்க் கற்றாழையின் பூத்தண்டில் செதுக்கினேன். காய்ந்தால் பஞ்சு மாதிரி இலேசாக இருக்கும், அரிவாள்மணைக்கே வெட்டுப்படும். இறக்கைக்கு மூங்கில் குச்சியில் சட்டம் கட்டி, அப்பாவின் பழைய மல் வேட்டியைக் கிழித்துப் போர்த்தி, சோற்றுக் கஞ்சி போட்டு விறைக்க வைத்தேன். கஞ்சி போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. காய்ந்ததும் பார்த்தால் விமானமாகத் தெரியவில்லை, கொடியில் போட்ட துவாலையாகத் தெரிந்தது. நிஜத் துணிதான், ஆனால் சின்ன இறக்கைக்கு அதன் நூல் ஒவ்வொன்றும் கயிறு மாதிரி இருந்தது. போதாததற்கு அம்மா அதைப் பார்த்துவிட்டாள். புதிதாகத் தைத்த எந்தத் துணியானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் அம்மா விடமாட்டாள். ரவிக்கை, தலையணை உறை, ஜன்னல் திரை, எதுவும் தப்பாது. விமானத்துக்கும் வைத்தாள். ஈரக் கஞ்சியில் மஞ்சள் பரவி இறக்கை முழுக்கக் காவடிக்காரர் வேட்டி நிறமாகிவிட்டது. சாயங்காலம் சாரல் அடித்ததும் கஞ்சி இளகி நான்கு இறக்கையும் மாட்டுக் காது மாதிரி தொங்கின. மிச்சத்தைக் கரப்பான்பூச்சி தின்றது.

பெரியப்பா அதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். பெரியம்மா மூலம் விசாரணை வந்தது. இதில் ஏறித்தான் உன் அப்பா துணியென்று காட்டப் போகிறாரா, இல்லை அது பழநிக்குக் கிளம்பிவிட்டதா என்று.

பாத்திரம் இரண்டு அன்று என் கையில் நசுங்கியது. அப்புறம்தான் யோசித்தேன். துணியை வைத்துத் துணியாகக் காட்ட முடியாது, பெயின்டால் எழுதித்தான் காட்ட வேண்டும். எழுதுவதற்கு வழுவழுப்பாக, சாரலுக்கு இளகாததாக, கரப்பான் தின்னாததாக ஒன்று வேண்டும். அடுப்படி அலமாரியில் காலி பிஸ்கட் டப்பா இருந்தது.

ஆமாம், தகரம். அதில் இருக்கும் வேடிக்கை எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் கண்ணில் இருந்ததெல்லாம் சட்டங்களுக்கு நடுவே துணி உள்வாங்கிய அந்த நிழல்தான். பெரியம்மா, பெரியப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய தகரக் கத்திரியை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆண்கள் கரும்புக்குப் போன பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து வெட்டினேன். கரண்டிக் காம்பால் பின்பக்கம் தேய்த்துத் தேய்த்து, மேலே சட்டம் இருக்கும் இடமெல்லாம் மயிரிழை உயரம் எழும்பச் செய்தேன்.

பெயின்டுக்குப் பஞ்சமில்லை. கோயில் கோபுரத்துக்கு அடித்து மிஞ்சியதெல்லாம் எங்கள் கொட்டகையில்தான் கிடந்தது. மயில் நீலமும் குங்குமச் சிவப்பும் நிறைய. எனக்கு வேண்டியது இவை எதுவும் இல்லை. வெள்ளையில் விளக்குக் கரி துளி, நீலம் துளி. கலந்து கலந்து, நீலம் முக்கிய வேட்டி நிழலில் காயும்போது இருக்கும் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். தூரிகைக்கு என் பின்னல் நுனியையே வெட்டிக் குச்சியில் கட்டினேன். அம்மா கேட்டபோது அடுப்பில் பொசுங்கியது என்றேன்.

நிழல் போடுவதுதான் பெரிய பாடு. ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தில் கரிக் கோடு இழுத்தேன், பளிச்சென்று. தூரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கோழிக்கூட்டுக்குக் கூரையா என்று கேட்டாள். உண்மைதான். வரிவரியாக, அச்சு அசலாகப் பெரியப்பா போடும் கூரைத் தகரம். மணலும் தேங்காய் நாரும் வைத்துச் சுரண்டி எடுத்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

அப்புறம் கொஞ்ச நாள் நான் பெயின்டைத் தொடவில்லை. மூங்கில் வேலிமேல் காயும் ஈர வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூங்கில் தொடும் இடம் கொஞ்சம் வெளுப்பு. அதன் ஓரத்தில் ஒரு மங்கல், நடுவுக்குப் போகப் போக எங்கே முடிகிறது என்றே தெரியாது. உற்றுப் பார்த்தால் இல்லை, சும்மா பார்த்தால் இருக்கும். எனக்குக் கல்யாணக் கவலையில் மூளை குழம்பிவிட்டது, வேட்டியை முறைத்துக்கொண்டு நிற்கிறது பெண் என்று அம்மா பயந்தாள்.

மறுபடி ஆரம்பித்தேன். கரியை மண்ணெண்ணெயில் நீர்க்கக் கரைத்து, சட்டத்தின் ஓரத்தில் தடவி, உடனே பழந்துணியால் துடைத்துவிடுவேன். போட்டேனா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் மிஞ்ச வேண்டும். அது காய்ந்ததும் சட்டத்தின்மேல் ஒரு படி வெளுப்பாகப் பட்டை. பட்டை ஓரத்தில் ஊசிமுனையால் தையல் புள்ளி. கடைசியில் அந்த ஒட்டு. சதுரமாக எழுதி, ஓரத்தில் நூல் பிரிந்த மாதிரி இரண்டு இழுப்பு இழுத்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. பிஸ்கட் டப்பா துணியாகிவிட்டது. இறக்கைகளைத் தண்டில் பொருத்தி, காய்வதற்காக அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் இறக்கையின் மூலையில் மஞ்சள்.

அம்மா வைத்திருந்தாள். மறுபடி புதுத்துணி போர்த்தியிருக்கிறாய், சொல்லக் கூடாதா என்று என்னையே கடிந்துகொண்டாள். பிறந்தது முதல் துணியைத் துவைத்து, பிழிந்து, மடித்த கை அது. தொட்டு மஞ்சள் வைத்தும் அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு குதிக்க வேண்டும் போல இருந்தது.

குதிப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். மாடத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான். இதேதான். நான் சொன்னது இதைத்தானே" என்றார். ஈரமாக இருக்கிறது, தொடாதீர்கள், அப்புறம் ஒரு விஷயம் என்று நான் ஆரம்பித்தேன். ஈரம் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து, விமானத்தை அலுங்காமல் அதில் நகர்த்தி வைத்துத் தூக்கிக்கொண்டார். நான், அப்பா, அது வந்து, என்றேன். பெரியவங்க விஷயத்துல பேசாத என்று சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கினார்.

துணி என்று நிரூபிக்கத் தகரத்தைத் தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அதைப் பெரியப்பா தொட்டால் போதும். தம்பி தன்னை வேண்டுமென்றே கேலி செய்ய வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார். நிச்சயதார்த்தம் போகட்டும், பெரியப்பா இனி எங்கள் முகத்திலேயே விழிக்க மாட்டார். தலையில் எண்ணெய்கூட வைக்காமல் பின்னாலேயே ஓடினேன். பெரியம்மா வாசற்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. கத்திரி கொடுத்தவள் அல்லவா.

பெரியப்பா முக்காலியில் உட்கார்ந்து வெட்டுக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவர் முன்னால் போய் நின்று தட்டை நீட்டினார். வழியெல்லாம் எத்தனையோ பேச்சு தயார் செய்துகொண்டு வந்திருப்பார். வாயில் வந்தது ஒரே சொல்.

"அண்ணே."

பெரியப்பா கத்தியைக் கீழே வைத்தார். தட்டை வாங்கவில்லை. குனிந்தார், இன்னும் குனிந்தார், மூக்கு இறக்கையில் பட்டுவிடும்போல் குனிந்தார். தட்டை வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொன்னார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், மற்றதை மூடிக்கொண்டு பார்த்தார். நான் அப்போதுதான் கவனித்தேன். பெரியப்பா சும்மா பார்க்கவில்லை, தேடிக்கொண்டிருந்தார். லாரியில் அப்பா சொன்ன சொல் ஏன் அவருக்கு அப்படிச் சுட்டது என்று எனக்குப் புரிந்தது.

"ஒட்டுப் போட்டிருக்கு" என்றார் மெதுவாக. "மூலையில மஞ்சள் வேற. தகரத்துக்கு யாரு மஞ்சள் வைப்பா." நிமிர்ந்து, "துணிதான் தம்பி" என்றார்.

அப்பா முகத்தில் வெற்றி வந்து முழுசாக உட்காரக்கூட இல்லை. பெரியப்பா அந்த ஒட்டின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்க்கப் போனார். அது எழும்பவில்லை. சுண்டினார்.

டங் என்றது.

கூரைத் தகரத்தோடு வாழ்நாளைக் கழித்தவருக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மறுபடி சுண்டினார். அப்பா திருதிருவென்று என்னைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார், தானும் ஒரு தரம் சுண்டிப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தகரந்தான்ணே" என்று அப்பாவின் குரல் கேட்டது.

பெரியப்பா கண்களை ஒரு தரம் கசக்கிக்கொண்டார். பிறகு, "அப்ப நீ சொன்னது சரிதான். எனக்குக் கண்ணு போச்சு" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அப்பா தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "இல்லண்ணே. எனக்கும் துணியாத்தான் தெரிஞ்சுது. வீட்லேருந்து தூக்கிட்டு வந்தேன், கையில கனம்கூடத் தெரியல. இவ அம்மா தொட்டு மஞ்சளே வச்சுட்டா. எல்லார் கண்ணும் போச்சுண்ணே."

முதலில் சிரித்தது பெரியம்மா. பயத்தில் அடக்கிவைத்திருந்தது அப்படியே பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்புறம் பெரியப்பாவின் வயிறு குலுங்கியது. அப்பா சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியாது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பெரியப்பா என்னை அருகில் கூப்பிட்டு, கத்திரியை எங்கே வைத்தாய் என்று மட்டும் கேட்டார். அன்று இரண்டு பேரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு இல்லை என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குப் பாம்ப்ளமூஸிலிருந்து வந்தவர்கள் வீட்டு உத்தரத்தில் தொங்கிய விமானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நல்ல துணி, எங்கே வாங்கினது என்று மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவிடம் கேட்டாள். என் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினாள். பெரியப்பா எழுந்தார். வெற்றிலை, பாக்கு, தேங்காய் வைத்த பித்தளைத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்தார். சம்பந்தியிடம் நீட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நிறுத்தி, என் அப்பாவைப் பார்த்துக்கொண்டே, தட்டின் விளிம்பை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்க வேண்டிய கல்யாணப் பெண் நான், சத்தமாகச் சிரித்துவிட்டேன்.